இரண்டு நாடுகளும் ஓர் ஆட்டோ ஸ்டாண்டும்

திருத்தணி மலையடிவாரத்தில் ‘ரெண்டு நாட்டு பாய்’ எங்கே என்று கேட்டால் இலியாஸைக் காட்டிவிடுவார்கள். ஓமானில் ஒன்பது வருடம், ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் மூன்று வருடம் கார் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். ஒன்று எண்ணெய் விளையும் நாடு, சுல்தான் ஆள்கிறார். இன்னொன்று வைரம் விளையும் நாடு, ஓட்டுப் போட்டு ஆட்சியை அமைக்கிறார்கள். இரண்டிலும் சோறு தின்றவர் இந்த வட்டாரத்தில் தாம் ஒருவர்தான் என்பதில் இலியாஸுக்குத் தாங்க முடியாத பெருமை. அங்கே என்னத்தைப் பார்த்தீர்கள் என்று யாரும் குடைந்து கேட்காதவரை அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை.

உள்ளதைச் சொன்னால், இரண்டு நாட்டையும் அவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டபடிதான் பார்த்தார். ஐம்பது வருடம் ஆண்ட சுல்தான் இறந்து புது சுல்தான் பொறுப்பேற்ற நாளில் உலகமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. பட்டறை முதலாளி வந்து, இன்னார் காலமாகிவிட்டார், அதனால் லீவு என்றார். இலியாஸ் காதில் லீவு மட்டும்தான் விழுந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். சாயங்காலம் அறையிலிருந்த மலையாளி ஒருவர் சொல்லித்தான் தாம் எந்த நாளில் தூங்கினோம் என்று தெரிந்தது.

போட்ஸ்வானாவில் நடந்தது இன்னும் கேவலம். ஐம்பத்தெட்டு வருடம் ஆண்ட கட்சியை மக்கள் ஓட்டுப் போட்டே இறக்கிவிட்டார்கள். தெருவெல்லாம் ஹாரன், ஆட்டம், பாட்டம். கார் எடுக்க வந்த ஒருவரிடம் இலியாஸ், “மேட்ச்ல ஜெயிச்சிட்டீங்களா சார்?” என்று தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் விசாரித்தார். அந்த மனிதர் அவரைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் இலியாஸுக்குக் காது சுடும். இந்த இரண்டு கதையும் அவர் மனைவி குல்ஜார் பேகத்துக்கு மட்டும் தெரியும். அதனால்தான் இலியாஸ் வீட்டில் மட்டும் உலக அரசியல் பேசுவதில்லை.

ஊருக்கு வந்தவர் ஓர் ஆட்டோ வாங்கினார். வாங்கிய பிறகுதான் வண்டி வாங்குவது பாதி வேலைதான் என்று புரிந்தது. திருத்தணியில் எண்ணெயும் இல்லை, வைரமும் இல்லை. இருப்பது மலை. கிருத்திகை வந்தால் காவடியும் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஆந்திராவிலிருந்தும் அரக்கோணம் பக்கத்திலிருந்தும் ஜனம் வந்து கொட்டும். அந்த ஜனத்தை மேலே ஏற்றி இறக்குகிற உரிமை மலையடிவார ஸ்டாண்டில் இடம் பிடித்தவர்களுக்குத்தான். இடம் இல்லாதவன் கே.ஜி.கண்டிகை ரோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டவர்களைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதுதான். இலியாஸ் அலைந்துகொண்டிருந்தார். மூட்டு வலியோடு இன்னும் எத்தனை நாள் அலைவது? அந்த ஸ்டாண்டில் ஓர் இடம், அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இடம் கொடுக்க வேண்டியவர் ஸ்டாண்டுத் தலைவர் வெங்கடேசன். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவர் ஊதி யாரைக் கைகாட்டுகிறாரோ அவன் சவாரி எடுக்க வேண்டும். யார் முதலில் வந்தது என்ற பேச்சே கிடையாது. ஒருவன் மனைவிக்குப் பிரசவம் என்றால் அன்று அவனுக்கே இரண்டு சவாரி சேர்ந்தாற்போல் போகும். எதிர்த்துப் பேசியவன் மத்தியானம்வரை வால் பக்கமே வெயிலில் காய்வான். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு யாரைப் பிடிக்கிறது என்பதைத் தினமும் காலையில் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இது பிடிக்காத இளவட்டங்களுக்கு நவீன்குமார் முன்னால் நின்றான். வந்த வரிசைப்படி சவாரி, வருடா வருடம் ஓட்டு, ஜெயித்தவன் கையில் விசில். அவ்வளவுதான் அவன் கேட்டது. அவனும் ஜெயித்துவிடுவான் போல ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இங்கேதான் இலியாஸின் உலக அனுபவம் வேலைக்கு வந்தது.

காலையில் நைனா பக்கத்தில் போய் உட்காருவார். “சுல்தான்னா சுல்தான்தான் நைனா. ஒரு வார்த்த சொன்னா ரோடு வந்துடும். கூட்டமா, கலாட்டாவா, ஒண்ணும் கெடையாது. எண்ணெய் காசு வருது, ஆஸ்பத்திரி கட்டறாரு, ஜனம் நிம்மதியா கீது.” நைனா விசிலைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டுவார்.

சாயங்காலம் நவீன்குமாரிடம். “ஓட்டு போடற ஊருதாம்பா ஊரு. டீக்கடைல நின்னுகினு பிரசிடெண்ட திட்டறான். பக்கத்துலயே போலீஸ்காரன் டீ குடிச்சிகினு கீறான். வைரம் எங்க போச்சு, காசு எங்க போச்சுன்னு ரேடியோலயே கேக்கறான்.” நவீன்குமார் பூரித்துப்போய், “ஆங் பாய், அதத்தான் நாங்களும் கேக்கறோம்” என்பான்.

சுல்தானைப் பற்றிப் பேச்சு வந்தால் அறையில் எல்லோரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்பதை இலியாஸ் நைனாவிடம் சொல்லவில்லை. அந்த ஊரிலும் ஓட்டுப் போட்டு ஒரு சபை உண்டு, கடைசி வார்த்தை மட்டும் சுல்தானுடையது என்பதை நவீன்குமாரிடம் சொல்லவில்லை. ஓட்டுப் போட்ட ஊரில் வைரத்தின் விலை விழுந்ததும் வேலை இல்லை என்று அதே ஜனம் புலம்பியதையும் சொல்லவில்லை. எந்தக் கடையில் எந்தச் சரக்கு போகுமோ அந்தச் சரக்கைக் கொடுத்தார்.

“காலைல சுல்தானு, சாயந்திரம் ஓட்டு. ராத்திரிக்கு எந்த நாடுங்க?” என்றார் குல்ஜார் பேகம், தட்டில் சோற்றைப் போட்டபடி. இலியாஸ் ஊறுகாய் கேட்டுப் பேச்சை மாற்றினார்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், இரண்டு தரப்பும் ஸ்டாண்டில் பேசித் தீர்க்க உட்கார்ந்துவிட்டன. இலியாஸ் ஓரமாக நின்றார். பேச்சு முற்றியதும் நைனா, “இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்? ரெண்டையும் பாத்தவரு பாய். எது நல்லதுன்னு அவரே சொல்லட்டும்” என்றார். நவீன்குமார் உடனே, “ஆங், பாயே சொல்லட்டும்” என்றான். அந்த இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. இருவருமே பாய் நம்ம ஆள் என்று நம்பிக்கொண்டு சிரித்தபடி அவரைப் பார்த்தார்கள்.

யார் பக்கம் சொன்னாலும் இலியாஸுக்கு இடம் போய்விடும். அந்தச் சமயத்தில் அவர் வாயில் வந்தது இதுதான்: “நான் சொல்றதுக்கு இன்னா கீது? நீங்களே ரகசியமா ஓட்டு போட்டு பாத்துடுங்க. அங்க எப்டி நடத்தறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் நடத்தித் தரேன்.” தெரியவே தெரியாது. ஓட்டு நாளன்றும் லீவுதான், அன்றும் தூங்கினார்.

தாம் தோற்போம் என்ற நினைப்பே இல்லாததால் நைனா சரி என்றுவிட்டார். இலியாஸ் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு காலி ஆயில் டின்னைக் கொண்டுவந்தார். ஒன்றில் நைனா பெயர், ஒன்றில் நவீன்குமார் பெயர். ஆளுக்கு ஒரு நட்டு கையில் கொடுத்தார். ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் படுதாவைக் கட்டி மறைத்து, “உள்ள போயி யாருக்கு வேணுமோ அதுல போடுங்க. ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். எல்லோரும் அசந்துபோனார்கள். வெளிநாடு போய் வந்தவன் வந்தவன்தான் என்று ஒருவர் சொன்னது இலியாஸ் காதில் தேனாகப் பாய்ந்தது.

முதல் ஆள் உள்ளே போனார். ‘டங்’ என்று ஒரு சத்தம் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. அடுத்தவன் போனான். சத்தமே இல்லை. மூன்றாவது ஆளுக்கு மறுபடி ‘டங்’. நவீன்குமார் பெயர் எழுதிய டின்னின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு கிரீஸ் உறைந்து கிடந்தது. இலியாஸ் ஒரு டின்னைத் துடைத்திருந்தார், இன்னொன்றைத் துடைக்கவில்லை. படுதா கட்டிக் கண்ணை மறைத்தவருக்குக் காது என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை.

நாலைந்து பேர் போனதுமே எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. நைனா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் உள்ளே போனவர்கள் எல்லாம் கையை ஓங்கிப் போட்டார்கள். டங், டங், டங் என்று கோயில் மணி மாதிரி விழுந்தது. நேற்றுவரை நவீன்குமார் கூடவே சுற்றிய அருள்முருகன் போட்ட நட்டு டின்னிலிருந்து எகிறி வெளியே வந்து விழுந்தது. அவன் அதைப் பொறுக்கி மறுபடியும் போட்டான். அது இன்னும் பலமாகக் கேட்டது.

“பாய் வேணும்னே பண்ணிட்டாரு!” நவீன்குமார் எழுந்துவிட்டான். “நைனாகிட்ட இடம் கேட்டுகினு இருந்தாரே, அதுக்குத்தான் இந்த வேல!”

“ஐயோ, இல்லப்பா, சத்தியமா கிரீசப் பாக்கல!” என்று கத்தினார் இலியாஸ். ஸ்டாண்டு முழுக்க அவரையே பார்த்தது. இடம் போயிற்று, மானமும் சேர்ந்து போயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது நைனா கண்ணைத் திறந்தார். முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. “பாய், ஒண்ணு கேக்கறேன், சொல்லு. இத்தினி பேரும் எனக்காகப் போட்டானுங்களா, என் காதுல விழட்டும்னு போட்டானுங்களா?”

அருள்முருகன் செருப்பைப் பார்த்தான்.

“உங்க சுல்தான் ஊர்ல இத எப்டி கண்டுபிடிப்பாங்க?” என்றார் நைனா.

எதையாவது அடித்துவிட்டிருக்கலாம். இலியாஸுக்கு அதற்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது பொய் வாயில் வரவில்லை. “தெரியாது நைனா. எனக்கு ரெண்டு ஊரப் பத்தியும் ஒண்ணும் தெரியாது. சுல்தான் போன அன்னிக்கும் தூங்கினேன், ஓட்டு போட்ட அன்னிக்கும் தூங்கினேன். என்னிய அங்க யாரும் ஒண்ணும் கேக்கல. நானும் யாரையும் கேக்கல. வண்டில ஜில்லுனு காத்து வருதான்னு மட்டும் கேப்பாங்க.”

முதலில் சிரித்தது நவீன்குமார்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கோபமாக இருந்தவன் சிரித்துவிட்டதால் இலியாஸும் தம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார், வேறு என்ன செய்வது?

நைனா சிரிக்கவில்லை. தோளிலிருந்த துண்டை இரண்டாகக் கிழித்தார். “ரெண்டு டின்னுலயும் அடியில போடு பாய். மறுபடியும் போடட்டும்” என்றார்.

இந்த முறை ஒரு சத்தமும் இல்லை. ஆட்கள் உள்ளே போவதும் வருவதும்தான் தெரிந்தது. நைனா இப்போது கண்ணை மூடவில்லை. எண்ணியபோது நைனாவுக்குப் பதினொன்று, நவீன்குமாருக்குப் பதிமூன்று. நைனா விசிலைக் கழற்றித் துடைத்து நவீன்குமார் கையில் கொடுத்தார். இருபது வருடமாக அது தொங்கிய இடத்தில் கயிற்றின் தடம் வெளுப்பாகத் தெரிந்தது.

ஜெயித்த கையோடு நவீன்குமார், “பாய்க்கு இடம் குடுக்கலாமா வேணாமா? அதுக்கும் ஓட்டுதான். இனிமே எல்லாத்துக்கும் ஓட்டு” என்றான். ஒரு டின்னு வேண்டும், ஒரு டின்னு வேண்டாம். இலியாஸ் வெளியே நின்றார். துணி போட்ட டின்னு. ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு படுதாவுக்குப் பக்கத்தில் நகர்ந்தவரை நவீன்குமார் தள்ளி நிற்கச் சொன்னான்.

வேண்டும் என்று இருபத்தொன்று விழுந்திருந்தது. வேண்டாம் என்று மூன்று.

இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டார். “அந்த மூணு பேரு யாரா இருக்கும் குல்ஜார்?”

“இருபத்தோரு பேரு யாருன்னு கேட்டீங்களா?” என்றார் குல்ஜார் பேகம்.

கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் இரண்டு நாட்டிலும் அவரை வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. வேண்டுமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. இங்கே இருபத்துநாலு பேரைக் கேட்டிருக்கிறார்கள், அதில் மூன்று பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்த மூன்று, செருப்புக்குள் மாட்டிய கல்லாக உறுத்தியது.

மறுநாள் காலை வரிசையில் கடைசியாக வண்டியைப் போட்டார். அருள்முருகன் வணக்கம் வைத்தான். இவனாக இருக்குமோ? இன்னொருவன் தலையைத் திருப்பிக்கொண்டான். நிச்சயம் இவன்தான். உறுப்பினராகி ஒரு நாள்தான் ஆகிறது, அதற்குள் நைனா டின்னுக்குக் காது கொடுத்த மாதிரி ஒவ்வொரு முகமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டோமே என்று இலியாஸுக்கே வெட்கமாக இருந்தது.

வரிசையில் இரண்டாவதாக நின்ற வண்டியிலிருந்து நைனா இறங்கி வந்தார். வெறுங்கழுத்தோடு அவரைப் பார்க்கப் புதிதாக இருந்தது. “இன்னா பாய், மூஞ்சி சுண்டிப்போய் கீது? என்னிய வேணாம்னவன் பதிமூணு பேரு. நானே எழுந்து பல்லு வெளக்கினு வந்துட்டேன். உனக்கு மூணுதானே? வா, டீ குடிக்கலாம்.”

டீயை வாங்கிக்கொண்டு இலியாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நைனா... அந்த மூணுல நீங்களும்...”

நைனா டீயை ஊதிக் குடித்தார். “துணி இன்னாத்துக்குடா போட்டோம்?” என்றார்.

நவீன்குமார் விசில் ஊதினான். நைனாவின் முறை வந்திருந்தது. அவர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடினார்.