அவுகளுக்குப் பிரஷர், சொல்லாதீக

எனக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் கடைசியாகத்தான் என் காதுக்கு வரும். "அவுகளுக்குப் பிரஷர், சொல்லாதீக" என்று என் மனைவி ஊருக்கே சட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

உப்பைக் குறைத்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் முணுமுணுக்காமல் தின்றேன். சேதியையும் குறைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. மழையில் எங்கள் திராட்சை வெடித்துப் பந்தலிலேயே அழுகிப்போனது எனக்கு டீக்கடையில்தான் தெரிந்தது. முப்பது வருஷம் அந்தத் தோட்டத்துக் கொடிகளைக் கவாத்து வெட்டிவிட்டவன் நான்.

அதையாவது விடுங்கள். தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் அக்கா இறந்ததை மூன்றாம் நாள்தான் சொன்னார்கள். பிறந்த வீட்டுக் கோடித் துணி, தம்பி நான் போட வேண்டியது. என் மகன் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். "ஒங்களக் கூட்டிட்டுப் போயி அங்கன ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்கிறான். ஏலே, ஆகட்டுமே! கூடப் பிறந்தவள் சாவுக்குக்கூட ஏறாமல் அந்தப் பிரஷர் இருந்து என்னத்துக்கு?

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்துக்குக் கிளம்பி, செருப்பை மாட்டும் முன்பே வேண்டாம் என்று தோன்றி உட்கார்ந்துவிடுவேன். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் நல்லா இருக்கு. மனசுல எதுவும் கவலையா?" என்றார். கேட்டது என்னை. பதில் சொன்னது என் மனைவி.

"கவலையே கெடையாது டாக்டர். நாங்கதான் எதையுமே சொல்றதில்லையே."

டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கொஞ்ச நேரம் பேசினார். புதிதாக ஒரு சின்ன மாத்திரை வந்தது. "இதுவும் பிரஷருக்குத்தான்" என்றாள்.

போன வாரம் மாத்திரை தீர்ந்ததும், காலி அட்டையை எடுத்துக்கொண்டு நானே உத்தமபாளையம் போனேன். மருந்துக்கடை பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது பிரஷருக்கு இல்லையே. மனச்சோர்வுக்குல்ல குடுக்குறது. வீட்ல சொல்லலையா?"

என் துக்கத்தையே எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள்! பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன்.

"இன்னும் என்னத்தையெல்லாம் மறைச்சு வச்சிருக்க? இப்பவே சொல்லு!"

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேற ஒண்ணுமில்லைங்க. தெனமும் விடியக்கருக்கல்ல தூக்கத்துலயே அழுகுறீக. அக்கா, அக்கான்னு. நான் நெஞ்சத் தடவிக் குடுத்தா அடங்கிருவீக. அதை மட்டுந்தான் இன்னும் சொல்லலை."