நாயின் தலைமாட்டு மூட்டை

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சரக்குக் கொட்டகையில் நான் எடை பார்த்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. மனுஷர்களிடமும் அப்படித்தான். யாராவது சிரித்துப் பேசினால், இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

குவாட்டர்ஸில் எனக்குத் துணை ஒரு கறுப்பு நாய். காலையில் நான் கிளம்பியதும் ஊளையிட ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓயாது. குவாட்டர்ஸைக் கவனித்த துரை என்னைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் நாயைச் சுட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, எஞ்சினில் கரி தள்ளுகிறவரின் மனைவி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"கவலைப்படாதே தம்பி. நல்ல வாசம் காட்டினா அடங்கிடும். நான் பாத்துக்கறேன் லா."

வாசமாவது, மண்ணாங்கட்டியாவது! ஆனால் மறுநாளே ஊளை நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்து பார்த்தால், அவள் கட்டி வைத்த துணி மூட்டைமேல் நாய் தலையை வைத்துத் தூங்குகிறது. சோற்றில் வாசத்துக்குப் போடும் பாண்டான் இலையும் எலுமிச்சை மணமடிக்கும் செரைப் புல்லும் கமகமவென்று மணத்தன.

ஒரு வாரம் சத்தமே இல்லை. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. வெறும் இலைக்கு ஒரு நாய் இப்படி அடங்குமா? அபின் கலந்து கொடுக்கிறாளோ? நாயின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். வாயை முகர்ந்தேன். அவள் கொடுத்தனுப்பிய கொழுக்கட்டையை நான் தின்னாமல் கோழிக்குப் போட்டேன். கோழி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூட்டையை அவிழ்த்தேன். வாடிய பாண்டான் இலை, நசுக்கிய செரை, அதற்கடியில் என் பனியன்! உடுத்திய துணியை எடுத்து என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? செய்வினை நாய்க்கில்லை, எனக்கு!

வேலியோரம் நின்று கத்தினேன். "என் துணியை எதுக்கு எடுத்தீங்க? என்னை என்ன பண்ணப் பாக்கறீங்க?"

மாவுக் கையோடு வந்தாள். "அடப்பாவி! உன் அழுக்கு வாளியில கெடந்ததுதானே? கேட்டா குடுத்திருப்பியா? நூறு கேள்வி கேப்பே."

"இலை இருக்கில்ல? பனியன் எதுக்கு?"

"இலை எனக்கு, தம்பி. உன் வேர்வை நாத்தம் தாங்காம வெச்சேன். நாய்க்குப் பனியன்தான். நீ வாசல் தாண்டினதும் உன்னைத் தேடித்தான் அழுவுது. உன் வாடை பக்கத்துல இருந்தா, நீ இருக்கேன்னு நெனச்சுத் தூங்கிடுது."

கப்பலேறி வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் இல்லையென்று இந்த ஊரில் ஒரு ஜீவன் ஏங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வாசல் தாண்டி ஊளையைக் கேட்டபோதெல்லாம் சனியன் என்று திட்டியிருக்கிறேன்.

போட்டிருந்த பனியனைக் கழற்றி மூட்டைக்குள் வைத்தேன். மூட்டையை வேலிக்கு மேலே நீட்டினேன். அக்காதான் முடிச்சுப் போட்டாள்.