மதினியின் முந்தானையில் முடிச்சு இல்லை

அன்று மதியத்துக்குள் என் புரோகிராம் சரியான எண்ணைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது அன்றோடு முடிந்தது. சாயங்கால பஸ்ஸில் சென்னை. பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன்.

வேலை சின்னதுதான். ஏராளமான மழைப் பதிவுகள், பல கம்ப்யூட்டர்களில் பிரித்துப் போடப்பட்டவை. அவற்றில் அளவு விடுபட்ட வரிகள் எத்தனை? எண்ணிக்கையை வைத்துக்கொள்ள ‘வேரியபிள்’ என்கிற சாதாரண மாறி ஒன்றைப் பூஜ்யத்தில் வைத்து, விடுபட்ட வரி வரும்போதெல்லாம் ஒன்று கூட்டச் சொன்னேன். எல்லாம் ஓடி முடிந்து, பூஜ்யம் என்றது. நாலு தடவை ஓட்டியும் பூஜ்யம். விடுபட்ட வரிகள் இருப்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எழுந்து வீட்டுக்குப் பின்னாலிருந்த திராட்சைப் பந்தலுக்குள் போனேன். உள்ளே வெளிச்சமே பச்சை. தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி இருந்தது. மலையிலிருந்து இறங்கிய மேகம் பாதி வழியில் எதையோ மறந்து நின்றிருந்தது. அண்ணன் மனைவி, என் மதினி, பந்தல் முகப்பில் நின்றாள். ஐந்து பெண்கள் ஆளுக்கொரு பகுதியில் அண்ணாந்து இலை பார்த்துக்கொண்டே போனார்கள். நோய் கண்ட வரிசைக்கு முந்தானையில் ஒரு முடிச்சு. எங்கள் தோட்டத்து வழக்கம் அது.

“என்ன மதினி, ஒங்க முந்தானையில ஒரு முடிச்சையும் காணோம்?”

“ஏத்தா, அவுக அங்கன போடுற முடிச்சு என் சேலையில எப்படி விழும்? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?”

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

என் மாறியும் அப்படித்தானே. அதன் நகல் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போயிருக்கிறது; அங்கங்கே கூடி, வேலை முடிந்ததும் அங்கங்கேயே மறைந்திருக்கிறது. நான் உற்றுப் பார்த்தது என்னிடமே தங்கிவிட்ட, யாரும் தொடாத பூஜ்யத்தை.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து முடிச்சை அவிழ்த்தார்கள். “எனக்கு மூணு.” “எனக்கு ரெண்டு. அதுல ஒண்ணு சந்தேகந்தான்.” மதினி விரல் மடக்கிக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குள் ஓடினேன்.

மாறியைத் தூக்கிப் போட்டேன். விடுபட்ட வரிகளை மட்டும் வடிகட்டி, எத்தனை என்று பிரிந்து கிடந்த தரவையே கேட்டேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பங்கை எண்ணிக் கொடுக்க, கூட்டுத்தொகை திரைக்கு வந்தது. மேலாளருக்கு அனுப்பினேன். பதில் வந்தது: “சரியா இருக்கு. அங்கிருந்தே பாருங்க.”

பந்தலுக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். “அப்ப சாயங்காலம் பஸ் இல்லையா?” என்றாள் மதினி.

“இல்ல.”

“அப்பக் கடைசி வரிசைய நீ பாரு. ஆளு பத்தல.”

பச்சை வெளிச்சத்துக்குள் அண்ணாந்தபடி நடந்தேன். நாலாவது கொடியில் வெள்ளையாய் நோய் பூத்த ஒரு இலை. துப்பட்டா நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.