கோயில் மாமரத்தைத் தட்டியவர்

மகளின் கல்யாணப் புடவைக்காக எங்கள் தறிவீட்டுக்கு வந்த அந்த மரக் கான்ட்ராக்டரை எனக்குக் கண்டதுமே பிடிக்கவில்லை. அணை கட்டுவதற்காக ஆனைமலையில் மழைக்காட்டை வெட்டிக்கொடுத்தவர். எந்த மரத்தைக் கண்டாலும் விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். என் தறிமரத்தையும் தட்டினார்.

"பார்டர்ல யானை போடுப்பா."

"காட்டுல இருந்த யானைங்க இன்னா ஆச்சுங்க?"

"எங்கியோ போயிடுச்சு."

"அங்க குடியிருந்த ஜனங்க?"

"எங்கிட்டயே மரம் வெட்டிக்கினு இருக்காங்க. கூலி குடுக்கறேன் இல்ல?"

மறுநாள் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். தல மரமான மாமரத்தைப் பயபக்தியோடு சுற்றிவந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த கணமே கை தானாகப் போய் அடிமரத்தைத் தட்டியது. என் காதருகே குனிந்தார்.

"உள்ள உளுத்துப் போயிருக்குதுபா. தேறாது."

அந்த மரத்தைச் சாமி காப்பாற்றுவதாக ஊர் சொல்கிறது. அவரிடமிருந்து காப்பாற்றியது அது உளுத்துப்போனதுதான்.