கழுதைக் காதும் உம்மாவின் கையும்

அந்தப் படத்தில் என் உம்மா வருகிறார். வருகிறார் என்றால், நாம் ஒரு மூச்சை இழுத்து விடுவதற்குள் போயும் விடுகிறார். கடற்கரையில் மூட்டை முடிச்சுகளோடு பெண்கள் நிற்கிறார்கள். அதில் இரண்டாவது வரிசையில், சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பவர் அவர்தான். வள்ளம் கரையை நெருங்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிகிறார். தோள்கள் குலுங்குகின்றன. கமரா மெல்லக் கடல் பக்கம் திரும்பிவிடுகிறது. படத்தில் பெயர் போட்டு நடித்தவர்களை விட்டுவிட்டு, எல்லாரும் அந்தப் பெண் அழுததைப் பற்றித்தான் பேசினார்கள்.

தொண்ணூறாம் ஆண்டுப் போரின்போது, முஸ்லிம்களான எங்கள் ஆட்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன கதையைப் படமாக எடுக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க் கரையில் படப்பிடிப்பு. கூட்டமாக நிற்கப் பெண்கள் வேண்டும் என்று ஊருக்குள் சொல்லிவிட்டார்கள். இப்போது அபாயா போடுகிறவர்கள் எல்லாரும் பெட்டிக்கு அடியில் கிடந்த பழைய நூல் சேலைகளைத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சாச்சியின் தலைமையில் ஏதோ கலியாணத்துக்குப் போகிறவர்கள்போலக் கிளம்பினார்கள். உம்மாவும் போனார். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அந்த நாளைப் பற்றி உம்மா வீட்டில் வாய் திறந்ததே இல்லை.

எங்கள் ஆட்கள் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் பிறந்தவள் நான். மன்னாருக்குத் திரும்பி வந்தபோது சின்னப் பிள்ளை. மற்ற வீடுகளில் அந்த நாளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என்ன சமைத்தபடி விட்டுவிட்டுப் போனார்கள், ஆட்டை யார் அவிழ்த்துவிட்டார்கள், யார் மயங்கி விழுந்தார்கள் என்று. எங்கள் வீட்டில் கேட்டால், "எனக்கு அப்ப ஒன்பது வயசு. ஒண்டும் ஞாபகம் இல்ல" என்று உம்மா எழுந்து போய்விடுவார். ஒன்பது வயதுக்காரிக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லையா? எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் யார் பென்சிலைத் திருடினாள் என்று இன்றைக்கும் சொல்கிறவர் அவர். கேட்கக் கூடாது என்பது தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் குணம் அப்படி.

போன வருஷம் மன்னார் நகரத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஊடக வகுப்பில் சேர்ந்தேன். சினிமாவுக்கு என்று ஒரு பாடம். படிப்பித்த சேர் வன்னிப் பக்கத்துக்காரர். பாதி வகுப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "படத்தைப் பாக்காதேங்கோ. வாசியுங்கோ" என்பார். பின்னர், "ஒரு சட்டகத்துக்குள்ள ஒரு பொருள் இருந்தா, அது ஏன் அங்க இருக்கு எண்டு கேளுங்கோ" என்பார். விருப்பமான ஒரு காட்சியை எடுத்து, அது கலையாக எப்படி நிற்கிறது, எங்கள் வாழ்க்கையை எப்படிக் காட்டுகிறது என்று கட்டுரை எழுதச் சொன்னார்.

நான் உம்மாவின் காட்சியை எடுத்தேன். வாயால் சொல்லாததை உடம்பால் சொல்லியிருக்கிறாரே, அதையாவது வாசித்துவிடலாம் என்ற ஆசை. கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எழுதித் தள்ளினேன். குலுங்கும் தோள்களில் ஒரு தலைமுறை சுமந்த பாரம் தெரிகிறது என்று எழுதினேன். கமரா கடலுக்குத் திரும்புவது, பிறர் துயரத்தை வெறித்துப் பார்க்காத இயக்குநரின் கண்ணியம் என்று எழுதினேன். இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெளிவில்லாமல் அசைந்தது. சும்மா விடுவேனா? பெயர் சொல்ல முடியாத அச்சத்தின் குறியீடு அது என்று அதற்கு மட்டும் ஒரு முழுப் பந்தி எழுதினேன்.

சேருக்குக் கட்டுரை நன்றாகப் பிடித்துவிட்டது. வகுப்பு முடியும் நாளில் பெற்றோரையும் கூப்பிடுவோம், காட்சியைச் சுவரில் போட்டுக் காட்டிவிட்டு நீர் வாசியும் என்றார். உம்மாவும் அந்தச் சபையில் இருப்பார். அவருக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டாமல் மேடை ஏறுவது சரியில்லை என்று பட்டது.

குசினிப் பின்வாசலில் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் பக்கம் முழுவதும் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மனதைத் தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். சாம்பல் நிறக் குறியீட்டுக்கு வந்தபோது கத்தியைக் கீழே வைத்தார்.

"அது கழுதைக் காது புள்ள."

தெருவெல்லாம் கழுதை திரிகிற மன்னார்த் தீவில் இருந்துகொண்டு கழுதைக் காதை அடையாளம் தெரியாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். உம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. படத்தில் இருந்த அதே குலுக்கம். கை முழுதும் மீன் செதில், அதனால் முழங்கையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரையும் அழச் சொல்லி அந்தப் படக்காரப் பொடியன் கத்துறான். நாங்களும் முகத்தை உம்மெண்டு வச்சிட்டு நிக்கிறம். எங்கேயோ இருந்து ஒரு கழுதை வந்து, எங்களோட அகதியாப் போற மாதிரி வரிசையில நிண்டுது. சாச்சியிட சூட்கேஸ் வெறும் சூட்கேஸ். சோளகக் காத்து அதைப் பறிச்சுக்கொண்டு போயிட்டுது. அவ சேலையைத் தூக்கிக்கொண்டு அதுக்குப் பின்னால ஓடுறா, அவவுக்குப் பின்னால கழுதை ஓடுது..."

"அப்ப நீங்க அழேல்லயா?"

"யாருடி அழுதது? சிரிப்பை அடக்கேலாமச் செத்தன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இயக்குநரின் கண்ணியம் எல்லாம் போச்சு! அடுத்த நொடியில் உம்மாவின் பல் தெரிந்திருக்கும், கழுதை முழுசாக உள்ளே வந்திருக்கும், அதனால்தான் கமரா திரும்பியிருக்கிறது. எத்தனை பேர் அந்த இடத்தில் கண் கலங்கியிருப்பார்கள். சேரே கலங்கினாராம். அந்தக் கண்ணீரெல்லாம் பொய்யா? அல்லது பார்க்கிறவருக்கு வந்த கண்ணீர் உண்மை என்றால், நடித்தவர் சிரித்தால் என்ன? கோபத்துக்கு நடுவிலும் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

உம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். முழங்கை வாயை விட்டு இறங்கவில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. உம்மா வாயை மூடாமல் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில், கலியாண வீடுகளில், டீவிக்கு முன்னால், எங்கேயும் இல்லை. சேர் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன்.

"அந்தக் கை ஏன் உம்மா அங்க போகுது?"

சிரிப்பு நின்றது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மீனைத் தண்ணீரில் அலசினார், தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அலசினார்.

"ஊரை விட்டுப் போன அண்டைக்கு எல்லாரும் அழுதாங்க. நான் மட்டும் சிரிச்சன்" என்றார்.

பெண் பிள்ளைகளை யாரும் வள்ளத்தில் ஏற்றுவதில்லை. உம்மா அதுவரை ஏறியதே இல்லை. சாமான் அதிகம் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஒரு சட்டைக்கு மேல் பெருநாள் சட்டையையும் போட்டுவிட்டிருந்தார்கள். பெருநாள் இல்லாமலே பெருநாள் சட்டை, அதோடு வள்ளப் பயணமும். கற்பிட்டிப் பக்கம் போகும் வழியில் அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டபோது வயிற்றில் கூசியதாம். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உம்மாவின் தாய் உடனே கையால் அவர் வாயை இறுக்கிப் பொத்தினார். "வாயைப் பொத்து" என்று மட்டும் சொன்னார். ஊர்க் கரை கண்ணுக்கு மறையும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

"அதுக்குப் பிறகு சிரிப்பு வந்தா கை தானாப் போகுது" என்றார் உம்மா. "புத்தளத்து அகதி முகாமில ஆக்கள் வந்து கதை கேப்பாங்க. எல்லாரும் அழுது அழுது சொல்லுவாங்க. நான் என்னத்தைச் சொல்லுற? எனக்குச் சந்தோஷமா இருந்திச்சு எண்டா? வெக்கமா இருந்திச்சு புள்ள."

"உங்களுக்கு ஒன்பது வயசு உம்மா."

"ஓம். ஒன்பது வயசுதான். எண்டாலும் சிரிச்சது சிரிச்சதுதானே."

இத்தனை வருஷமாக ஏதோ பெரிய கொடுமையை உம்மா மறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு சிறுமியின் சிரிப்பைத்தான் அவர் குற்றம்போல ஒளித்து வைத்திருந்தார். இதை எழுதலாமா என்று கேட்டேன். உம்மா மீனைச் சட்டிக்கு மாற்றினார்.

"எழுது. கழுதையையும் சேத்து எழுது. இல்லாட்டி நான் என்னமோ பெரிய நடிகை எண்டு நினைப்பாங்க."

புதிய கட்டுரையைச் சேரிடம் கொடுத்தேன். வாசித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப நான் கலங்கினது கழுதைக்கோ?" என்று கேட்டார். பிறகு, மாற்றாமல் இப்படியே வாசியும் என்றார்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. உம்மா கடைசி வரிசையில் சாச்சியோடு உட்கார்ந்திருந்தார். முதலில் வாசித்தேன், காட்சியைப் பிறகு போடச் சொல்லியிருந்தேன். கழுதை வந்த இடத்தில் சிரித்தவர்கள் வள்ளம் வந்த இடத்தில் அமைதியானார்கள். சுவரில் கடற்கரை விழுந்தது. பெண்கள், மூட்டைகள், இடது ஓரத்தில் அந்தக் காது. சாச்சி முதல் ஆளாக வெடித்துச் சிரித்தார். நான் சுவரைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த உம்மா வாயைப் பொத்தினார். கதிரையில் இருந்த உம்மாவின் கையும் மடியிலிருந்து எழும்பியது, நெஞ்சு வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. பிறகு மடிக்கே திரும்பிப் போனது. உம்மாவின் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.