மணிக்கூண்டுக்கு எத்தனை நிமிடம்

முகம் தெரியாத மனிதர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் காரணம் என் அத்தான். என் கூடப்பிறந்த அக்காவின் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதாக யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

'இந்த அம்மாவுக்கு என்ன அவசரம், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாரா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தலைக்கு மேலே இரண்டு கல் சிங்கங்கள் என்றார். நிமிர்ந்து பார்த்தோம். பல் டாக்டர் போர்டு இருந்தது' என்று இன்னொருவர். ஒரு குடும்பம் நூலகத்தின் கதை முழுவதையும் ஒரு பெயிண்டுக் கடை வாசலில் நின்று கேட்டிருக்கிறது.

அந்த அம்மா நான்தான். எங்கள் கம்பெனி, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒலிப்பதிவு விற்கிறது. கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது. போனில் இறக்கிக்கொண்டு, காதில் மாட்டி, ரயில் நிலைய வாசலில் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் என் குரல் அழைத்துக்கொண்டு போகும். பதினோரு இடங்கள், இரண்டரை கிலோமீட்டர், கடைசியில் மணிக்கூண்டு. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடக்கும் நேரத்துக்கு மெல்லிசை. கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்று அந்தப் பதிவுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். ஆகவே எங்கெங்கே எத்தனை நிமிடம் இசை விட வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துத் தர வேண்டும்.

அந்த வேலைக்கு அத்தானைச் சேர்த்துவிட்டதும் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அத்தான் முப்பத்து நான்கு வருஷம் தபால்காரர். 'எக்ஸ்பிரஸ்' என்றால்தான் அவரை அலுவலகத்தில் தெரியும். காலையில் பை நிறையக் கடிதத்தோடு கிளம்பினால் மற்றவர்கள் பாதித் தெரு போவதற்குள் திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டிருப்பார். நிமிஷத்துக்கு நூற்றுப் பதினெட்டுக் காலடி. எண்ணிப் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் கால் அப்படியேதான் இருந்தது. கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தாலும் ஏதோ தந்தி கொடுக்கப் போனவர் மாதிரிதான் வருவார். கையெழுத்து மட்டும் நிதானம். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக உட்கார வைப்பார், விலாசம் தப்பக் கூடாதே என்று.

நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். வீட்டில் பாத்திரம் கழுவுவார், என் பரீட்சைக் காலத்தில் எனக்குப் பென்சில் சீவி வைத்திருக்கிறார். ஆனால் வெளியே கிளம்பிவிட்டால் அக்காவுக்குப் பத்தடி முன்னால் போவார். கல்யாணமான மறுநாளிலிருந்து இதே கதை. அவர் முன்னால் பேசிக்கொண்டே போவார், அக்கா பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு 'ம்' கொட்டிக்கொண்டே ஓடுவாள். "மெதுவாப் போங்களேன்" என்பாள். "மெதுவாத்தானே போறேன்" என்பார். பொய்யில்லை, அவருக்கு அது மெதுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் நூலகத்துக்கு எதிரே இருக்கிற பெரிய சாலையில் சிக்னல் விழுந்தது. அத்தான் தாண்டிவிட்டார். அக்கா பாதிச் சாலையில் இருக்கும்போது விளக்கு மாறியது. வண்டிகள் உறுமத் தொடங்கின. அவள் ஓடினாள், நடைபாதை விளிம்பில் கால் இடறி விழுந்தாள். முழங்கால் சில்லு உடைந்தது. யாரோ இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். அத்தான் அங்கே இல்லை. அவர் பேசிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. டாக்டர், "வெளிய நடங்கம்மா, வீட்டுக்குள்ள நடந்தா போதாது. இப்படியே விட்டா முட்டி இறுகிடும், அப்புறம் கோல் இல்லாம நிக்க முடியாது" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். அக்கா தலையாட்டினாள். சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து பால்கனி, அத்தோடு சரி. அத்தான் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார். அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கடைக்கு, டாக்டரிடம், எங்கே என்றாலும் வாசலில் டாக்சி வந்து நின்றால்தான் இறங்குவாள். அவள் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் எனக்கு மூச்சு முட்டும்.

அந்தப் புகார்க் கடிதங்கள் குவிந்ததும் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருக்கு வயது முப்பது இருக்கும், காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டே பேசுவார்.

"சார், இது டூர். டெலிவரி இல்ல. ஜனங்க வேடிக்கை பாத்துட்டு நடப்பாங்க. பத்து நாள்ல மறுபடி அளந்து குடுங்க, இல்லன்னா வேற ஆள வெச்சுக்கறேன்."

அத்தான் மெதுவாக நடக்கப் பழகினார். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. முதல் நாள் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு நடந்தார். மூன்றாவது இடம் வருவதற்குள் கால் தன் குணத்தைக் காட்டிவிட்டது. இரண்டாம் நாள் ஒரு வயதான அம்மாவின் நடையைப் பின்பற்றலாம் என்று அவர் பின்னாலேயே போனார். அந்த அம்மா நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். நாலாவது முறை அந்த அம்மா திரும்பிக் குடையை ஓங்கிவிட்டார்.

"அக்காவக் கூட்டிட்டுப் போங்க அத்தான்" என்றேன். "அவ நடையில அளந்தா பதிவு யாரையும் முந்திட்டு ஓடாது. அவளும் நடந்த மாதிரி இருக்கும்."

"வரமாட்டா."

"கேட்டீங்களா?"

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சுட்டுத்தான். வேற என்ன மாத்து மூஞ்சியா வெச்சிருக்கீங்க?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ கால் போயிடும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க ரெண்டு பேரும் மௌனவிரதம் இருங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அத்தான் போனை எடுத்து அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "உன் தங்கச்சி இதுலதான் பேசறா. கேட்டுப் பாரு."

அக்கா காதில் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிக்கத் தொடங்கினாள். "இவ்வளவு மரியாதையா இவ என்கிட்ட ஒரு நாளும் பேசினதில்லையே" என்றாள். முதல் மூன்று இடங்களையும் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

"கோர்ட்டுக்குள்ள நீரூற்று இருக்கா? இத்தன வருஷத்துல நான் பாத்ததே இல்ல."

"மெதுவா நடக்கிற ஆள் ஒருத்தர் வேணும்" என்றார் அத்தான், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "அளக்கறதுக்கு. எனக்கு வரமாட்டேங்குது."

அக்கா தட்டை ஒரு பக்கமாகத் தள்ளினாள். "நீங்க எங்க நடப்பீங்க?"

அவர் மேஜையிலிருந்து கண்ணை எடுத்தார். "பின்னாடி வரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியிலிருந்து ஷூ வெளியே வந்தது. அத்தான் மண்டியிட்டு நாடா கட்டிவிட்டார். ரயில் நிலைய வாசலில் அக்கா காதில் மாட்டிக்கொண்டு நின்றாள், நான் பக்கத்தில். அத்தான் பத்தடி பின்னால், கையில் ஸ்டாப்வாட்ச், சட்டைப் பையில் நோட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் இடத்திலிருந்து கோர்ட்டுக்கு அத்தான் குறித்திருந்தது நான்கு நிமிடம். அக்காவுக்குப் பதினொன்று ஆனது. நடுவில் ஒரு பூட்டுக் கடையின் கண்ணாடியை எட்டிப் பார்த்தாள், ஒரு பூனையிடம் பேசினாள், இரண்டு தடவை உட்கார்ந்தாள். பின்னால் அத்தான் ஒற்றைக் காலில் நிற்கிறவர் மாதிரி தவித்தார். ஆனால் தாண்டி வரவில்லை. ஒவ்வொரு பெஞ்சையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

டவுன்ஹால் சிங்கங்களுக்கு அடியில் அக்கா அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள். "உங்க அத்தானோட இந்தப் பக்கம் நூறு தடவ வந்திருப்பேன்டி. அவர் சட்டையில முதுகுத் தையல் கொஞ்சம் கோணலா இருக்கும். அதத்தான் பாத்துட்டு வந்திருக்கேன்."

ஆறாவது இடம் நூலகம். ஏழாவதுக்குப் போக அந்தப் பெரிய சாலையைத் தாண்ட வேண்டும். இதை நான் மறந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் மறந்துதான் போயிருந்தேன். என் வாயாலேயே படித்த வழி.

அக்கா நடைபாதை விளிம்புக்கு வந்தாள், நின்றாள். பச்சை விழுந்தது. ஜனங்கள் தாண்டினார்கள். அவள் நகரவில்லை. சிவப்பு. மறுபடி பச்சை. அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. "டாக்சி கூப்பிடுறியா?" என்றாள் என்னிடம். நான் போனை எடுத்தேன். என்ன செய்ய, எடுத்துத்தானே ஆக வேண்டும்.

அப்போதுதான் அத்தான் அந்தப் பத்தடியைக் கடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு நான் அடுத்த தெரு மருந்துக்கடை வரைக்கும் பேசிட்டே போனேன். நீ பின்னாடி இருக்கேன்னு நெனச்சுட்டு. ஏதோ கேட்டேன், பதில் வரல. அப்பத்தான் திரும்பினேன்."

அக்காவின் கை என் முழங்கையை விட்டது.

"ஓடி வந்தேன். யாரோ உனக்குத் தண்ணி குடுத்துட்டு இருந்தாங்க. என்னப் பாத்து, நீங்க யாருன்னு கேட்டாங்க. புருஷன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவர் குனிந்து அக்காவின் ஷூவைப் பார்த்தார். "தப்பு என்னோடது. முப்பத்தோரு வருஷமா தப்புதான்."

மறுபடி சிவப்பு விழுந்தது. அக்கா காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"இத சொல்றதுக்கு எட்டு மாசமா?"

"எட்டு மாசம்."

"எக்ஸ்பிரஸ்னு பேரு வெச்சாங்களே உங்களுக்கு" என்றாள் அக்கா. அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த பச்சையில் மூவரும் இறங்கினோம். பாதியில் விளக்கு மாறியது. அத்தான் வண்டிகளைப் பார்த்துக் கையைக் காட்டினார், அவ்வளவுதான், எல்லாம் நின்றன. நாங்கள் எங்கள் பாட்டுக்கு நடந்தோம்.

மணிக்கூண்டுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடித்தது. அக்காவின் மூட்டு வீங்கியிருந்தது. அவள் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டாள்.

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர.

"நூலகத்து சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நாப்பது செகண்ட்னு போட்டிருக்கீங்க. எதுக்கு சார் இவ்வளவு?"

அந்தச் சாலையில் நின்றபோது அத்தான் ஸ்டாப்வாட்சை நிறுத்தவில்லை. அது காட்டியதை அப்படியே எழுதிவிட்டார். தபால்காரர் புத்தி, முத்திரையில் விழுந்த நேரத்தை மாற்றமாட்டார்.

"ஓடினது ஓடினதுதான் சார்."

"அவ்வளவு நேரம் வெறும் மியூசிக்கா? ரெண்டு நிமிஷம் வெச்சுக்கலாம்."

அத்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். மேனேஜர் காபியை உறிஞ்சிக்கொண்டு, "ஒரு வரிதானே, போடுங்க" என்றார்.

மறுநாள் பதிவு அறையில் அந்தத் துண்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தது. என் வாசகத்தில் அடுத்தவர் கை வைத்தால் நான் சண்டைக்குப் போவேன். இதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. படித்து முடிக்கத்தான் ஏழு தடவை ஆயிற்று.

புதிய பதிவு வந்த வாரம் அக்கா முழுவதையும் கேட்க வேண்டும் என்று கிளம்பினாள், நானும் கூடப் போனேன். இந்த வரியைப் பற்றி நாங்கள் அவளிடம் மூச்சு விடவில்லை. அவள் இப்போது கொஞ்சம் வேகமாகவே நடந்தாள். அத்தான் பின்னால்தான் வந்தார், பழகிவிட்டது.

நூலகம் தாண்டி நடைபாதை விளிம்பில் அவள் நின்றாள். காதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

'அவசரமில்லை. உங்களோடு வந்தவர் வந்துவிட்டாரா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அவர் வந்த பிறகு தாண்டலாம்.'

அக்கா திரும்பினாள். பத்தடி தள்ளி அத்தான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது, ஜனங்கள் எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"மெதுவா வாங்க" என்றாள். "நான் நிக்கிறேன்."