சாவு மேளம் ஜோஸ்பின்

உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு சாவு விழுந்தபோது மேளம் அடித்தவரின் பெயர் என்ன?

யோசித்துப் பாருங்கள். ஐஸ் பெட்டி எங்கே எடுத்தீர்கள் என்று தெரியும். பந்தல் போட்டவர் பெயர் தெரியும். கண்ணீர் அஞ்சலி பேனரில் யார் படம் விட்டுப்போனது, யார் கோபித்துக்கொண்டு போனார் என்பதுகூட நினைவிருக்கும். மேளக்காரர் பெயர் மட்டும் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. அப்படியானால் ஜோஸ்பினின் கதை உங்களுக்குத்தான்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு காலனியில் அப்பா இன்னாசிமுத்துவோடு இருக்கிறார் ஜோஸ்பின். வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஓரிடத்தில் உட்கார முடியாதவர். சாப்பிடும்போதும் நடப்பார், போன் பேசும்போதும் நடப்பார். கம்பெனி வேனில் மட்டும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலைப் பார்த்துத்தான் பக்கத்து சீட் வைஜெயந்தி ஒருநாள் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி அவர் காதில் செருகினார்.

"இன்னாடி இது, மிக்ஸியில கல்லு போட்ட மாதிரி?"

"பெங்களூர்ல படிக்கிற எங்க அண்ணன் மகன் அனுப்பனது. புடிக்கலன்னா குடு."

"இரு, இரு."

ஜோஸ்பினின் கால் நின்றுவிட்டது என்று வைஜெயந்தி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அது டெத் மெட்டல் என்ற இசை. கிட்டார் அலறும், டிரம் தலைதெறிக்க ஓடும், பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். அதற்கு ஒரு பங்காளி உண்டு, பிளாக் மெட்டல். அதில் உறுமல் போய்க் கிறீச்சிடல். மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டியவர்கள் மாதிரி முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொள்வார்கள். இதில் நல்லது பெரும்பாலும் கடைக்கு வராது. எங்கோ ஒரு நாட்டில் நாலு பேர் ஷெட்டுக்குள் பதிவுசெய்து இணையத்தில் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதைத் தோண்டி எடுப்பதே ஜோஸ்பினுக்குத் தீராத அரிப்பாகிவிட்டது.

தோண்டியதைச் சொல்ல ஆள் வேண்டுமே. டெலிகிராமில் ஒரு சேனல் தொடங்கினார். ஏரிக்கரையில் நடந்தபடியே பேசிப் பதிவுசெய்து போடுவார். பெயர் வைத்தது வைஜெயந்தி. "டெத்னா சாவு. மெட்டலுக்கு மேளம்னு வச்சிக்கோ." இருவரும் வேன் குலுங்கச் சிரித்தார்கள். சேனலுக்குச் சாவு மேளம் என்ற பெயர் நிலைத்தது.

அவர் அபிப்பிராயத்துக்காகவே கேட்பவர்கள் சேர்ந்தார்கள். "இந்தோனேசியாக்காரன் டெமோ ஒண்ணு. பாடறவன் தொண்டையில முள்ளு சிக்குன நாய் மாதிரி கத்தறான். ஆனா டிரம்மு இருக்குது பாரு, எங்க கம்பெனி மெஷினு கண்ட்ரோல் போன மாதிரி! மூணாவது பாட்ட மட்டும் கேளு, மீதிய வுட்டுடு." சிலி நாட்டு ஆல்பம் ஒன்றைப் பற்றி: "வேகம் இருக்குது, கோவம் இல்ல. வாடகைக்கு எடுத்த கோவம்." பங்குச் சாமியார் காதுக்கும் விஷயம் போய், "சாத்தான் பாட்டாமே அது?" என்று ஒருநாள் நிறுத்திக் கேட்டிருக்கிறார். "சாத்தான நான் பாத்ததில்ல சாமி. சாதியத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார் ஜோஸ்பின்.

வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பிளாக் மெட்டல் ஆல்பம் கையில் சிக்கியபோது மனசு பறந்தது. 'இந்த வருச லிஸ்ட்ல இதுதான் மொதல்ல' என்று அறிவித்தார். திருக்கனூரிலிருந்து மணிமாறன் என்கிற ரசிகர் உடனே எழுதினார்: "அக்கா, வரியப் படிச்சீங்களா? ரத்தம் சுத்தமா இருக்கணுமாம், கலந்தவன விரட்டணுமாம்." ஜோஸ்பின் நடை குறையாமல் பதில் பேசினார்: "வரிய வுடு மணி. சத்தத்த மட்டும் கேளு."

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம்தான் அந்தப் போன் வந்தது.

"சாவு மேளம் ஜோஸ்பினா?"

"ஆமாண்ணா, சொல்லுங்க."

"ஒரு செட்டு வேணும். நாளைக்கே வேணும்."

ரசிகர்கள் அப்படிக் கேட்பதுண்டு. ஏழெட்டுப் பாட்டுகளைக் கோத்து அனுப்புவதற்குச் செட்டு என்றுதான் பெயர். "எந்த மாதிரிண்ணா? பழசா, புதுசா?"

"பழைய அடிதான். எங்கப்பாவுக்கு இந்தப் புது அடியெல்லாம் ஆவாது."

"அப்பாவுக்கா!" ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்த ஜோஸ்பின் அங்கேயே நின்றுவிட்டார். "அவருக்குப் புடிக்குமாண்ணா?"

"உயிரு. எங்க மேளம் கேட்டாலும் நின்னு கேட்டுட்டுத்தான் போவாரு."

"மெதுவா வேணுமா, வேகமா?"

"மொதல்ல மெதுவா. எடுக்கறப்ப நல்லா வேகமா இருக்கணும்."

"சரிண்ணா. காலைல அனுப்பிடறேன்."

பாட்டுத்தான் எடுப்பாக ஏறவேண்டும் என்கிறார் என்று நினைத்துக்கொண்டார். முகம் தெரியாத ஒரு பெரியவருக்காக, பழைய ஆல்பங்களாகத் தேடி அடுக்கி, விடிந்ததும் அந்த எண்ணுக்கு அனுப்பினார்.

போன் செய்தவர் ஊர்த்தெரு கமலக்கண்ணன். சனிக்கிழமை மதியம் அவருடைய அப்பா இறந்திருந்தார். மேளத்துக்கு ஆள் தேடியபோது, கம்பெனி வேன் ஓட்டும் செல்லப்பன் தன் போனில் 'சாவு மேளம்' என்று தேடியிருக்கிறார். வேனில் காதில் விழுந்ததை வைத்து 'சாவு மேளம் ஜோஸ்பின்' என்று அவரே பதிந்துவைத்த எண் வந்தது. காலனிப் பெண், இன்னாசிமுத்து மகள். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருக்க வேண்டாமா? மாத்திரைக் கம்பெனியில் வேலை செய்யும் பெண் எதற்கு மேளம் அனுப்புவாள் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? பிறந்த தெருவே போதும் என்று நினைக்கிற புத்திக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

ஞாயிறு பூசை முடிந்து ஜோஸ்பின் வீடு திரும்பியபோது கமலக்கண்ணனின் பைக் காலனி முனையில் நின்றது. இறங்கவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டார்.

"இன்னாசி! டேய் இன்னாசி! மேளம் எங்கடா? பொணத்த வெயில்ல போட்டுக்கினு உக்காந்திருக்கோம்."

இன்னாசிமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது, கமலக்கண்ணனுக்கு நாற்பதுகூட இருக்காது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நாங்கதான் வுட்டுட்டமே தம்பி."

"நீ வுட்டுட்ட. உன் பொண்ணு ஒத்துக்கினாளே!"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். பல வருஷங்களுக்கு முன், இனி சாவுக்கு மேளம் அடிப்பதில்லை என்று காலனி கூடி முடிவெடுத்தபோது முதலில் எழுந்து நின்றவர் இன்னாசிமுத்து. அந்தக் கோபத்தில் அந்த வருஷ அறுப்புக்குக் காலனி ஆட்களை ஊர்த்தெருவில் ஒருவரும் வயலில் சேர்க்கவில்லை. அவர் டவுனுக்குப் போய் மண் சுமந்து, சித்தாளாயிருந்து, கொத்தனாரானார். அதன் பிறகு மேளத்தைத் தொட்டதில்லை. அப்படி மீட்ட மரியாதை இப்போது தெருமுனையில் கிடந்தது. ஜன்னல்களில் எல்லாம் முகங்கள்.

ஜோஸ்பினுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஒரு கணம் சிரிப்பு வந்தது, மறுகணம் கோபம். போனை எடுத்து, அனுப்பிய செட்டின் முதல் பாட்டைத் தட்டினார். உறுமல் தெருவை நிறைத்தது. நாய்கள் குரைத்தன.

"இன்னாது இது, பேய் ஓட்டறியா?"

"நீங்க கேட்ட பழைய அடிண்ணா. என் சாவு மேளம் இதான். போன்ல பாட்டு, வேற ஒண்ணும் இல்ல."

"நக்கலா? எங்கப்பன் செத்துக் கெடக்கறான்டி!"

ஜோஸ்பின் பாட்டை நிறுத்தினார். "தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா சரின்னு சொல்லியிருக்க மாட்டேன். உங்கப்பா போனது கஷ்டந்தான்." பிறகு கேட்டார்: "மேளம்னா அவருக்கு உயிருன்னு சொன்னீங்களே. அவ்ளோ உயிருன்னா ஏன் அவரு கத்துக்கல? நீங்க ஏன் கத்துக்கல?"

கமலக்கண்ணன் கிக்கரை உதைத்தார். பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தச் சாவுக்கு டவுனிலிருந்து பேண்டு செட்டு வந்தது.

சாயங்காலம் இன்னாசிமுத்து ஒரே வார்த்தை சொன்னார்: "அந்தப் பேர எடு."

"தமாசுக்கு வச்சதுபா. இப்ப டவுன்ல காலேஜ் பசங்கள்லாம் பெருமையா பறை அடிக்கிறாங்க, தெரியுமா?"

"அவன் அடிச்சிட்டு வூட்டுக்குப் போறான். எங்கள வூட்டுலேர்ந்து இட்டாந்து அடிக்க வச்சான். ரெண்டும் ஒண்ணா?"

"பேருல இன்னாபா இருக்குது? சத்தந்தான முக்கியம். சத்தத்த மட்டும் கேட்டா போதாதா?"

"அதான்மா அவங்களும் சொன்னாங்க." குரல் உயரவில்லை. "சத்தத்த மட்டும் கேட்டாங்க. அடி நல்லாருக்குதுன்னு தலையாட்டனாங்க. அடிச்சவனத் தூர நிக்க வச்சிச் சோறு போட்டாங்க."

ஜோஸ்பின் எழுந்து நடக்கத் தொடங்கினார். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். தெருவில் நடந்தார். ஏரிக்கரைக்குப் போனார். அப்பா சொன்னது காதில் ஓயவில்லை; தன் குரலில் மணிமாறனுக்குச் சொன்ன அதே வாக்கியமாக அது திரும்பத் திரும்பக் கேட்டது. கரையில் நின்றே அந்த ஐரோப்பிய ஆல்பத்தின் வரிகளை முதல்முறையாகப் படித்தார். பிறகு பேசிப் பதிவுசெய்தார்.

"மணி சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. டிரம்மு இன்னமும் பிரமாதந்தான், அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவன் விரட்டணும்னு பாடற ஆளு நான்தான். என்ன விரட்டற பாட்டுக்கு நான் தலையாட்ட முடியாது. என் லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டேன்."

பலர் திட்டினார்கள். இசையில் எதற்கு அரசியல் என்றார்கள். சிலர் விலகிப்போனார்கள். போகட்டும்.

பெயரையும் எடுத்துவிட்டார். புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. வைஜெயந்தி சொல்லும் எதுவும் பிடிக்கவில்லை. இப்போது பெயர் இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. அந்தப் புள்ளிக்குள் அவர் இன்னும் ஓயாமல் தோண்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் நேபாளக் குழு ஒன்றை எடுத்துப் போட்டார்.

செல்லப்பன் இன்னும் போனில் அந்த எண்ணின் பெயரை மாற்றவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரைச் சொல்லி என்ன பயன்? உங்கள் போனை எடுங்கள். அதில் மேளம், சுடுகாடு, செப்டிக் டேங்க் என்று தொழிலின் பெயரில் மட்டும் பதிந்துவைத்த எண்கள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் பேசி, பெயர் கேட்டு, பெயரை எழுதுங்கள். நாளை உங்கள் வீட்டில் சாவு விழுந்து, மேளம் இல்லாமல் பிணத்தை எடுக்கக்கூடாது என்று யாராவது சொன்னால், காலனிக்கு ஆள் அனுப்பாதீர்கள். மேளத்தை நீங்களே தோளில் மாட்டுங்கள், அடியுங்கள்.